கயிறு மாறும் இடம்: பாண்டியர் காலக் குதிரை வணிகமும் இழப்பைச் சுமந்தவரும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாமிரபரணிக் கழிமுகத்துக் காயல் துறை, பாரசீக வளைகுடாவையும் சீனத்தையும் இணைத்த கடல்வழியின் முதன்மையான நிறுத்தங்களுள் ஒன்றாக விளங்கியது. இத்துறை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இட அடையாளம், சரக்குப் பட்டியல், பேரரசின் பெருமை ஆகிய மூன்றையே மையமாகக் கொண்டுள்ளன. வணிகத்தில் நேர்ந்த இழப்பு யார் கணக்கில் எழுதப்பட்டது என்னும் வினா அவற்றுள் உரிய இடம் பெறவில்லை. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், வெனிசு வணிகர் மார்க்கோ போலோ, சீனத்து யுவான் வரலாறு, தமிழ் வணிகக் குழுக் கல்வெட்டுகள், திருவிளையாடற் புராண மரபு ஆகியவற்றை இவ்வினாவின் வழியே ஒப்பிட்டுப் படிக்கும்போது, அக்காலப் பேரரசு கடலை ஆண்ட ஆற்றலாக அன்றி, கடலின் இழப்பை ஏற்று அதைத் தன் குடிகள்மேல் இறக்கிவைத்த அமைப்பாகத் தோன்றுவதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: காயல், பாண்டியர், குதிரை வணிகம், வஸ்ஸாப், அஞ்சுவண்ணம், திருவிளையாடற் புராணம், முத்துக்குளிப்பு, கூடங்குளம் கடற்கரை.

முன்னுரை

கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் கூடங்குளம் உள்ளது. கூட்டப்புளி, இடிந்தகரை, கூத்தன்குழி, உவரி எனத் தொடர்ந்து மணப்பாட்டையும் திருச்செந்தூரையும் கடந்து தாமிரபரணிக் கழிமுகம் வரை நீளும் கரையின் தென்பகுதி அது. மேற்கே கொல்லத்தையும் கிழக்கே காயலையும் இணைத்த இடைக்காலக் கப்பல்கள் குமரிமுனையைச் சுற்றி இக்கரையை ஒட்டியே சென்றாக வேண்டும். மார்க்கோ போலோவின் நூலில் காயலுக்கும் கொல்லத்துக்கும் குமரிக்கும் தனித்தனி இயல்கள் உள்ளன. அவற்றுக்கு இடைப்பட்ட இக்கரைக்கு இயல் இல்லை. துறைமுகங்களைப் புள்ளிகளாகவும் கடலை அவற்றை இணைக்கும் கோடாகவும் காணும் பார்வை அன்றே தொடங்கிவிட்டது. பிற்கால வரலாற்றெழுதியலும் அப்பார்வையையே பெரிதும் பின்பற்றியது.

கோட்டின்மேல் என்ன நடந்தது என்பதே வணிக வரலாற்றின் அடிப்படை வினா. கப்பல் கவிழ்ந்தது, குதிரை செத்தது, காற்று திசைமாற்றி வேறு துறையில் சேர்த்தது, முத்துக் குளிக்க இறங்கியவர் மேலே வரவில்லை. இந்நிகழ்வுகள் ஒவ்வொன்றிலும் இழப்பு ஒருவர்மேல் விழுந்தது. அவர் யார் என்பதைச் சான்றுகள் சொல்கின்றன. ஆயினும் அச்சான்றுகள் வேறு நோக்கங்களுக்காகவே இதுகாறும் படிக்கப்பட்டு வந்துள்ளன.

1. இட அடையாள வாதமும் அதன் எல்லையும்

காயல் பற்றிய நவீன ஆய்வு கூடங்குளத்துக்கு வடகிழக்கேயுள்ள இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்த இராபர்ட் கால்டுவெல்லிடமிருந்து தொடங்குகிறது எனலாம். கொற்கையிலும் பழையகாயலிலும் களப்பணி செய்த அவர், பழையகாயலின் மண்ணில் சீன, அரபு மட்கல ஓடுகள் சிதறிக் கிடந்ததைக் கண்டு, மார்க்கோ போலோ குறித்த காயல் அதுவே என்று வாதிட்டார். திருநெல்வேலி மாவட்ட வரலாறு பற்றி அவர் 1881இல் வெளியிட்ட நூலிலும் இக்கருத்து இடம்பெற்றது. ஆற்றின் வண்டல் கழிமுகத்தைத் தூர்க்கத் தூர்க்கக் கொற்கையிலிருந்து காயலுக்கும், காயலிலிருந்து புன்னைக்காயலுக்கும், இறுதியில் தூத்துக்குடிக்கும் துறை நகர்ந்தது என்னும் விளக்கம் இதன் வழியே நிலைபெற்றது. போலோவின் காயல் பழையகாயலா, காயல்பட்டினமா என்னும் வாதம் அதன்பின் பலராலும் நிகழ்த்தப்பட்டது.

கால்டுவெல்லின் பணி அடிப்படையானது என்பதில் ஐயமில்லை. ஏட்டுச் சான்றோடு மண்ணில் கிடந்த ஓட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தது அக்காலத்தில் அரிய முறை. எனினும் அயலவர் நூலொன்றில் வரும் பெயரை உள்ளூர் நிலத்தில் தேடுவதே அவ்வாய்வின் நோக்கமாக இருந்தது. ஓடு கிடைத்ததும் தேடல் முடிந்தது. அக்கலங்கள் எந்த உடன்படிக்கையின்கீழ் வந்தன, உடைந்தால் எவர் பொருள் என்னும் வினாக்கள் எழவில்லை.

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1929இல் வெளியிட்ட பாண்டியப் பேரரசு பற்றிய ஆங்கில நூலும், 1939இல் தொகுத்த அயலவர் குறிப்புகளும் வஸ்ஸாப், போலோ ஆகியோரின் பகுதிகளைத் தமிழக வரலாற்றுக்குள் உறுதியாகக் கொண்டுவந்தன. ஆனால் அரச மரபின் வரலாறாக எழுதப்பட்ட ஒரு நூலில் வணிகம் அரசனின் செல்வத்துக்குச் சான்றாகவே அமையும். குதிரைக்குக் கொடுக்கப்பட்ட பொன் அரசன் எவ்வளவு செல்வன் என்பதைக் காட்டும் சான்றாயிற்று. அப்பொன் எங்கிருந்து வந்தது என்பது துணைச்செய்தியாயிற்று. ஜேனட் அபு-லுகோத் 1989இல் முன்வைத்த உலக அமைப்புக் கோட்பாடு இப்பார்வையை வேறுவகையில் மாற்றியது. 1250 முதல் 1350 வரை எட்டு வணிக வட்டங்கள் ஒன்றோடொன்று கோத்து இயங்கின என்றும், தென்னிந்தியா மேற்கு, கிழக்கு வட்டங்களின் சந்திப்பாக இருந்தது என்றும் அவர் காட்டினார். இங்கும் தென்னிந்தியக் கரை பிறர் கடந்து செல்லும் சந்திப்பாகவே அமைகிறது. சந்திப்பில் வாழ்ந்தவர் எதை இழந்தனர் என்பது அக்கோட்பாட்டின் அளவுகோலுக்குள் அகப்படுவதில்லை.

2. வஸ்ஸாப் தரும் ஒப்பந்தம்

ஈரானை ஆண்ட மங்கோலிய இல்கான்களின் அரசவையைச் சார்ந்த வஸ்ஸாப், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மொழியில் தம் வரலாற்றை எழுதினார். கொல்லம் முதல் நெல்லூர் வரை நீண்ட கரையை மாபார் என்று அவர் குறிக்கிறார். கிஷ் தீவைத் தன் பொறுப்பில் வைத்திருந்த ஜமாலுத்தீன் இப்ராகிம் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மாபாருக்கு அனுப்ப உடன்பட்டார் என்றும், ஹோர்முஸ், பஹ்ரைன், கதீஃப் முதலிய வளைகுடாத் துறைகளிலிருந்தும் குதிரைகள் வந்தன என்றும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என்றும் அவர் எழுதுகிறார். முற்காலத்தில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் ஏற்றுமதியாயின என்றும் அவற்றின் மொத்த விலை 22 இலட்சம் தினார் என்றும் கணக்கிடுகிறார்.

இவ்வெண்களே மிகுதியாக எடுத்தாளப்பட்டவை. இவற்றைவிடக் கருத்தூன்றத்தக்கவை மூன்று செய்திகள். முதலாவது, வழியில் இறந்த குதிரைகளுக்கும் விலை தரவேண்டும் என்னும் உடன்பாடு. இரண்டாவது, அவ்விலை கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும் அறக்கட்டளைகளிலிருந்தும் கோயில் பெண்டிர்மேல் விதித்த வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டது, அரசுக் கருவூலத்தின்மேல் அச்சுமை விழவில்லை என்னும் கூற்று. மூன்றாவது, சீனத்திலிருந்தும் இந்தியப் பகுதிகளிலிருந்தும் மாபாருக்கு வந்த சரக்குகளை ஜமாலுத்தீனின் முகவர்கள் முதலில் தெரிந்தெடுத்த பின்னரே பிறர் வாங்கலாம் என்னும் முன்னுரிமை. ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் அப்துர் ரகுமான் பாண்டிய அரசில் அமைச்சராக இருந்து காயல் உள்ளிட்ட மூன்று துறைகளைத் தம் பொறுப்பில் வைத்திருந்தார். விற்பவரும் வாங்கும் அரசின் அமைச்சரும் ஒரே குடும்பத்தவர் என்பதை மறந்து இவ்வொப்பந்தத்தைப் படிக்க இயலாது.

வஸ்ஸாபின் கூற்றை அப்படியே ஏற்கலாமா என்னும் தடை இங்கு எழும். அவர் அணிமிக்க உரைநடையில் எழுதியவர். 10,000, 220, 22 இலட்சம் என வசதியாகப் பெருகி வரும் எண்கள் கணக்கேட்டிலிருந்து எடுத்தவை என்பதைவிட, தம் பகுதிப் பெருவணிகரின் சிறப்பைக் காட்டக் கோத்தவை என்று கொள்வதே பொருந்தும். கோயில் வருவாய் பற்றிய கூற்றையும் தமிழ்க் கல்வெட்டுகளின் துணையின்றி முற்றும் ஏற்றல் தகாது. ஆயினும், இறந்த குதிரைக்கும் விலை என்னும் உடன்பாடு வேறு தன்மையது. புகழுரையில் எண்ணைப் பெருக்குவது எளிது. வணிக நெறியொன்றைப் புனைவதற்குத் தேவை குறைவு. மேலும், இழப்பு விற்பவரைச் சாராது என்னும் இக்கருத்தைத் தமிழ்க் கதை மரபு ஒன்றும் வேறொரு வடிவில் அறிந்திருக்கிறது.

3. கயிறு மாறுதல்

பாண்டியனின் அமைச்சரான வாதவூரர் அரசுப் பொன்னோடு குதிரை வாங்கக் கீழ்க்கடற்கரைக்குச் செல்கிறார். பெருந்துறையில் குருவைக் கண்டு அப்பொன்னை இறைபணிக்குச் செலவிடுகிறார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கித் தானே குதிரை வணிகனாகி மதுரைக்கு வருகிறான். அன்றிரவே பரிகள் மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் முன்பிருந்த குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடுகின்றன. அமைச்சர் வைகையின் சுடுமணலில் நிறுத்தப்படுகிறார். திருவாசகத்திலேயே குறிப்பாக அமைந்த இக்கதையை, 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகப் பெரும்பாலும் கருதப்படும் பெரும்பற்றப்புலியூர் நம்பியின் திருவாலவாயுடையார் திருவிளையாடற் புராணமும், பின்னர்ப் பரஞ்சோதி முனிவரின் புராணமும் விரித்துரைக்கின்றன. முன்னதை உ.வே. சாமிநாதையர் 1906இல் பதிப்பித்தார்.

இக்கதை சமய நோக்கில் பலவாறு விளக்கப்பட்டுள்ளது. வணிக நோக்கில் அதன் மையம் கயிறு மாற்றும் காட்சியாகும். குதிரையின் கயிறு விற்பவன் கையிலிருந்து வாங்குபவன் கைக்கு மாறுகிறது. அக்கணத்துக்குப் பின் குதிரைக்கு நேர்வது எதற்கும் விற்றவன் பொறுப்பாகான். குதிரை கயிறு மாறிய திருவிளையாடல் என இந்நிகழ்ச்சி வழிபாட்டு மரபிலும் பெயர்பெற்றுள்ளது. கதையின் சிக்கல் முழுதும் இந்நெறியின்மேல் நிற்கிறது. கயிறு மாறாதிருந்தால் மறுநாள் அரசன் வணிகனைத் தேடியிருப்பான். கயிறு மாறிவிட்டதால் அமைச்சரைப் பிடிக்கிறான்.

புராணம் வணிக ஆவணமன்று. குறிப்பிட்ட ஆண்டில் குறிப்பிட்ட துறையில் இவ்வாறு நடந்தது என்பதற்கு அது சான்றாகாது. ஆனால் கேட்போர் உடனே விளங்கிக்கொள்ளும் நெறியின்மேல்தான் கதை தன் திருப்பத்தை அமைக்க முடியும். இறக்குமதிக் குதிரை விரைவில் கெட்டுப்போகும், அதற்குக் கொடுத்த பொன் பெரிது, விற்றவன் சென்றுவிடுவான், இடையில் நின்ற அதிகாரி அகப்படுவான் என்னும் நான்கும் மதுரைக் கேட்போருக்குப் பழக்கமான செய்திகளாக இருந்திருத்தல் வேண்டும்.

புராணத்தில் இழப்பு கைமாறும் இடம் மதுரை. வஸ்ஸாபில் அது நடுக்கடல். மரபான நெறியில் பொருள் கைக்கு வந்தபின் வாங்கியவர் இழப்பை ஏற்கிறார். வஸ்ஸாப் கூறும் உடன்பாட்டில் பொருள் கண்ணில் படும் முன்னரே ஏற்கிறார். கிஷ் தீவில் கப்பல் பாய்விரித்தபோதே காயலில் கயிறு மாறிவிட்டது எனலாம். கயிறு மாறும் இடம் கரையிலிருந்து கடலுக்குள் நகர்ந்த அளவே வணிகர் பெற்ற வலிமையின் அளவுமாகும். இறக்குமதி எண்ணிக்கையைவிட நம்பகமான அளவுகோல் இது.

4. இறப்பதால் வளரும் வணிகம்

1290களின் தொடக்கத்தில் சீனத்திலிருந்து திரும்பும் வழியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் எல்லாம் காயலில் தங்கும் என்கிறார். அரசர் ஒருவரே ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவார் என்றும், அவருடைய உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்குவர் என்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் 100கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். வெப்பமும் தீவனமும் பராமரிப்பு அறியாமையும் அவர் கூறும் காரணங்கள். குதிரை கொண்டுவரும் வணிகர்கள் குதிரை மருத்துவர் இந்நாட்டுக்கு வருவதைத் தடுத்தனர் என்றும், குதிரைகள் இறப்பதே அவர்களுக்கு ஆதாயம் என்றும் அவர் சேர்க்கிறார்.

2,000க்கு 100கூட எஞ்சாது என்பது மிகை எனத் தள்ளலாம். ஆனால் போலோ வணிகர் குடும்பத்தவர். சந்தை எதனால் தொடர்ந்து நிற்கிறது என்று பார்க்கும் கண் அவருடையது. சரக்கின் அழிவே அடுத்த ஆண்டின் தேவையை உருவாக்குகிறது என்று அவர் கண்டார். வஸ்ஸாபையும் போலோவையும் சேர்த்துப் படித்தால், வழியில் இறந்தாலும் விலை உண்டு, வந்தபின் இறந்தால் மறு விற்பனை உண்டு என்றாகிறது. இரு முனையிலும் விற்பவர் காக்கப்படுகிறார். இவ்விரு குறிப்புகளையும் குதிரை வணிகத்தின் பெருக்கத்துக்குச் சான்றாக மட்டும் அடுக்குவது, அவை ஒன்றாகச் சொல்லும் செய்தியைத் தவறவிடுவதாகும்.

5. அரசுகளின் போட்டி

இத்தகைய உடன்பாட்டைப் பாண்டியர் ஏன் ஏற்றனர்? அறியாமை என்பது விடையாகாது. காகதீய மன்னன் கணபதி 1244ஆம் ஆண்டளவில் மோட்டுப்பள்ளியில் பொறித்த அபய சாசனம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. புயலால் கரை ஒதுங்கிய கப்பல்களின் சரக்கை முன்னிருந்த அரசர்கள் பறித்தனர். இனி வரையறுத்த தீர்வையன்றி வேறெதுவும் கொள்ளப்படாது என்பது அதன் சாரம். மலையாளக் கரையின் எலி நாட்டில், வேறு துறைக்குச் செல்லவேண்டிய கப்பல் காற்றால் அங்கு வந்து சேர்ந்தால் அதன் பொருளைப் பறித்துக்கொள்வர் என்று போலோ குறிக்கும் வழக்கம் இதன் மறுபக்கம். கடலின் இழப்பை எந்த அரசு எவ்வளவு குறைத்துத் தருகிறதோ அந்த அரசின் துறைக்கே கப்பல்கள் செல்லும். காகதீயர் பறிமுதலைக் கைவிட்டனர். வஸ்ஸாப் கூறுவது மெய்யெனில், பாண்டியர் இழப்பையே தம் கணக்கில் ஏற்றனர். குதிரைப்படையின்றிப் போரில்லை என்னும் நிலையில் அது தவிர்க்க இயலாத விலையாகத் தோன்றியிருக்கலாம்.

இப்போட்டியின் அருகிலிருந்த களம் கொல்லம். முதலாம் மாறவர்மன் குலசேகரன் கொல்லங்கொண்டான் என்று கல்வெட்டுகளில் சிறப்பிக்கப்படுகிறான். யுவான் வரலாறு 1281இல் நிகழ்ந்த ஒன்றைப் பதிவு செய்கிறது. குப்ளாய் கானின் தூதர் யாங் திங்பி கொல்லத்துக்குப் புறப்பட்டு, எதிர்க்காற்றால் மாபார்த் துறையில் இறங்கினார். அங்கிருந்த அமைச்சர் இருவர் அவரிடம் இரகசியமாகப் பேசினர். உடன்பிறந்த அரசர் ஐவரும் ஓரிடத்தில் கூடிக் கொல்லத்தின்மேல் போர் தொடுக்க ஆலோசிக்கின்றனர் என்றும், தங்கள் பொன்னும் நிலமும் அரசனால் பறிக்கப்பட்டன, உயிர் தப்பியதே அரிது என்றும் கூறினர். ஐவரும் கூடிய இடத்தின் சீன ஒலிப்பெயர் காயலைக் குறிப்பதாக அறிஞர் கொள்வர். கொல்லங்கொண்டான் என்னும் சிறப்பும் இவ்வாலோசனையும் ஒரே போரைக் குறிப்பன என்று கொள்ளவேண்டியதில்லை. கொல்லத்தின்மேல் செலுத்திய கண் ஒரு வெற்றியோடு முடியவில்லை என்பதே போதும். போர்ச் சிறப்பாகக் கல்லில் நிற்பது சீனக் குறிப்பில் துறைமுகப் போட்டியாகத் தெரிகிறது. கொல்லத்துக்கும் காயலுக்கும் நடுவிலுள்ள கூடங்குளம் கரை இப்போட்டியின் வழித்தடம்.

அமைச்சர்களின் முறையீடும் கவனிக்கத்தக்கது. அரசன் பறித்த பொருளைப் பற்றி அயல்பேரரசின் தூதரிடம் முறையிடும் அதிகாரியும் வைகை மணலில் நின்ற வாதவூரரும் ஒரே அமைப்பின் ஒரே இடத்தில் நிற்பவர்கள். அரசுக்கும் கடலுக்கும் இடையே நின்றவருக்குப் பெரும் ஆதாயமும் பெரும் இடரும் சேர்ந்தே வந்தன. அவ்வமைச்சருள் ஒருவர் பின்னர்ச் சீனத்துக்கே சென்று கொரியப் பெண்ணை மணந்து 1299இல் இறந்தார். இல்கான் அரசின் தூதராகச் சீனம் சென்ற ஜமாலுத்தீனின் மகன் பக்ருத்தீன் அகமது 1305ஆம் ஆண்டளவில் திரும்பும் வழியில் மாபாரை நெருங்கும்போது இறந்து, தம் சிற்றப்பரின் கல்லறையருகே அடக்கம் செய்யப்பட்டார். இவர்களுக்குப் பேரரசு என்பது மாறிக்கொள்ளத்தக்க புகலிடம். இல்கான், பாண்டியர், யுவான் என மூன்று அரசுகளையும் ஒரே குடும்ப வலைக்குள் வைத்துப் பார்க்க அவர்களால் முடிந்தது. எந்த அரசாலும் அவ்வாறு பார்க்க முடியவில்லை.

6. குழுக்கள் பகிர்ந்த சுமை

குதிரை வணிகம் மட்டுமே இக்காலத்தின் கடல்வணிகம் அன்று. பெருவணிகக் குடும்பத்துக்கும் அரசனுக்கும் இடையிலான தனி உடன்பாட்டுக்கு மாறாக, பல குழுக்கள் கூடிச் செய்த பொது உடன்பாடுகளைத் தமிழ்க் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இராமநாதபுரம் கடற்கரையில் தீர்த்தாண்டதானபுரத்துக் கல்வெட்டில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம், தென்னிலங்கை வளஞ்சியர், கைக்கோளர், வாணியர், நீண்ட கரையார் எனப் பல குழுவினர் கோயில் வாயிலில் ஒன்றுகூடுகின்றனர். அயல்நாட்டு முசுலிம் முதலிய வணிகரை உள்ளடக்கிய அஞ்சுவண்ணமும் கரையில் வாழ்ந்த கரையாரும் ஒரே அவையில் இடம்பெறுவது எண்ணத்தக்கது. பிரான்மலைக் கல்வெட்டில் ஐந்நூற்றுவர் உள்ளிட்ட குழுவினர் மிளகு, பாக்கு, இரும்பு, நூல், புடைவை முதல் அகில், பட்டு, குதிரை, யானை வரை ஒவ்வொரு சரக்குக்கும் தாம் தரும் பங்கை வரையறுக்கின்றனர். சுமத்திராவின் பாருஸ் அருகே 1088இல் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டில், வரும் மரக்கலத்தின் நாயனும் அவரைச் சார்ந்தோரும் செலுத்தவேண்டிய தொகையைத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் விதிக்கின்றனர்.

இக்கல்வெட்டுகளைச் சரக்குப் பட்டியலுக்காகவே ஆய்வாளர் மிகுதியும் நாடினர். மீரா ஆபிரகாம், எ. சுப்பராயலு, நொபொரு கராஷிமா ஆகியோரின் பணிகளுக்குப் பின்னரே இக்குழுக்களின் அமைப்பு தனிக் கவனம் பெற்றது. இழப்பு என்னும் வினாவை இவற்றிடம் கேட்டால் வேறொரு நெறி தெரிகிறது. சரக்கு வந்து விற்றால் அதற்கேற்பப் பங்கு. வராத சரக்குக்குப் பங்கு இல்லை. சுமை பலரிடம் சிறிது சிறிதாகப் பகிரப்பட்டு, பெயர் சொல்லி, பொது இடத்தில், கல்லில் எழுதப்படுகிறது. வஸ்ஸாப் கூறும் உடன்பாட்டிலோ விலையை ஏற்பவன் அரசன். இறுதியில் செலுத்தும் கோயில் குடிகள் அவையில் இல்லை. ஒரே நூற்றாண்டில் ஒரே பாண்டிய நாட்டில் இவ்விரு நெறிகளும் அருகருகே இருந்தன. இரண்டையும் பாண்டியர் கால வாணிகம் என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடுக்கும்போது இவ்வேறுபாடு மறைகிறது.

7. கடலடியில் நின்ற கணக்கு

சங்கிலியின் கடைசிக் கண்ணி முத்துக்குளிப்பு. போலோவின் விவரிப்பில் முத்து வணிகர் குழுக்களாகச் சேர்ந்து, குளிப்போரைக் கூலிக்கு அமர்த்தி, ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை கடலுக்குச் செல்வர். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறா முதலியவற்றை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு. குளிப்பவருக்குக் கூலி.

இப்பங்கீட்டின் அமைப்பு தெளிவானது. அரசனும் மந்திரக்காரரும் விளைச்சலில் பங்கு பெறுகின்றனர். உயிரைப் பணயம் வைக்கும் குளிப்பவர் மட்டுமே பங்கின்றிக் கூலி பெறுகிறார். வழியில் இறந்த குதிரைக்கு விலை உண்டு என்னும் விதி இருந்த கடலில், நீரடியில் இறந்தவருக்கு என்ன தரப்பட்டது என்பது போலோவின் கணக்கில் ஓர் இனமாக இடம்பெறவில்லை. இடர் காப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட பங்குகூட மந்திரம் சொல்பவருக்கே செல்கிறது. இக்கரைப் பரதவர் ஒரு சமுதாயமாகத் தம் நலன் கருதி அயல் ஆற்றல் ஒன்றோடு உடன்பாடு செய்வதை ஆவணங்கள் விரிவாகக் காட்டுவது 1530களில், போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்க சமயத்தை ஏற்றபோதுதான். அச்சமய மாற்றத்துக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. முத்துச்சலாபத்தின் இடரைத் தாமே சுமந்தவர்கள், அதன் உரிமை யார் கையில் இருக்கவேண்டும் என்பதில் சொல் பெற முயன்றனர் என்பதும் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

13ஆம் நூற்றாண்டுக் காயல் வணிகத்தின் அளவை, வந்த குதிரைகளின் எண்ணிக்கையாலோ பட்டியலில் உள்ள சரக்குகளாலோ மட்டும் மதிப்பிடுவது போதாது. இழப்பு எவ்விடத்தில் யார் பொறுப்பாக மாறியது என்பது வணிக உறவின் வலிமையைக் காட்டும் அளவுகோலாகும்.

அயலவர் குறிப்பு, கல்வெட்டு, புராணம் ஆகியவற்றை ஒரே தன்மைய சான்றுகளாகக் கோத்தல் தகாது. வஸ்ஸாபின் எண்களை ஐயத்தோடும் அவர் தரும் உடன்பாட்டைக் கவனத்தோடும் அணுகவேண்டும். நரி பரியான கதையை வரலாற்றுச் செய்தியாக அன்றி, வணிக நெறி பற்றிய பொது அறிவின் பதிவாகக் கொள்ளலாம். இவ்வகையில் இலக்கியத் திறனாய்வு பொருளாதார வரலாற்றுக்குத் துணையாக முடியும்.

அரசன் ஏற்ற இழப்பு அரசனிடமே நின்றதில்லை. வஸ்ஸாபின் கூற்றுப்படி அது கோயில் வருவாய்க்கும் கோயில் பெண்டிரின் வரிக்கும் இறங்கியது. அக்கூற்றைத் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கோயில்களின் குலசேகரன் காலக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது அடுத்து நிகழவேண்டிய பணி. புதிய வரிகள், கொடைகளின் இடைநிறுத்தம், நில விற்பனை ஆகியவற்றை ஆண்டு வாரியாகத் தொகுத்தால் குதிரையின் விலை எந்த ஊரின் கணக்கில் ஏறியது என்பதை அறிய வழி பிறக்கும்.

குமரிக்கும் காயலுக்கும் இடைப்பட்ட கரையைத் துறைமுகங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடமாகக் கொள்ளும் வழக்கமும் மாறவேண்டும். கூடங்குளம் முதல் மணப்பாடு வரையுள்ள கரையூர்கள் பேரரசுகளின் வரைபடத்தில் பெயர் பெறாதவை. ஆயினும் அக்கடலில் இறங்கியவர் உழைப்பின்றி முத்தில்லை. முத்தும் துறைவருவாயும் இன்றிக் காயலின் செல்வமில்லை. அவர்களுடைய இழப்பும் எழுதப்படும்போதே இக்கரையின் கணக்கு நிறைவுறும்.